கடைசிக்கு முந்தின பெஞ்சு

சமாதானம் நான்காவது பெஞ்சைத் தாண்டிவிட்டது.

இன்னும் நான்கு பெஞ்சு. பிறகு அவள் கைக்கு வரும்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். மல்யுத்தத்துக்கு இறங்குகிறவர்கூட அவ்வளவு இறுக்கமாகக் கச்சை கட்டியிருக்க மாட்டார்.

திருவிருந்து ஞாயிறுகளில் அந்த ஆலயத்தில் இதுதான் வழக்கம். பீடத்திலிருந்து போதகர் தரும் சமாதானம் கைமாறிக் கைமாறி வரும். ஒருவர் கூப்பிய கைகளை நீட்டுவார். அடுத்தவர் இரு கைகளாலும் பொதிந்து வாங்கிக்கொள்வார். பெஞ்சின் ஓரத்தில் இருப்பவர் திரும்பிப் பின் பெஞ்சுக்குக் கொடுப்பார்.

பெண்கள் பக்கத்தில் அது அவளோடு நின்றுவிடும்.

எட்டு வருடமாக.

அவளுக்குப் பின்னால் ஒரே ஒரு பெஞ்சு. அதில் ஒரே ஒருத்தி. ஞானசுந்தரி.

இருபத்திரண்டு வருடம் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள். மகள் ரிஜிஸ்டர் ஆபீஸில் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டதை அவள் உலகத்திலேயே ஒருத்தியிடம்தான் சொல்லி அழுதாள்.

பத்தாம் நாள் பேராயருக்கு மொட்டைக் கடிதம் போனது.

அவளுக்கு வரவேண்டிய தலைமையாசிரியை நாற்காலியில் ஞானசுந்தரி உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் ஆலயத்தில் ஞானசுந்தரி இரண்டு பெஞ்சு பின்னால் போனாள். விடுவாளா அவள்? தானும் ஒரு பெஞ்சு பின்னால் போய், சரியாக ஞானசுந்தரிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஞானசுந்தரி இன்னொன்று தள்ளினாள். அவளும் தள்ளினாள். சுவர் வந்ததால்தான் நின்றார்கள். இல்லாவிட்டால் இருவரும் பின்வாசல் வழியே வெளியேறி, இந்நேரம் தூத்துக்குடிக் கடலில் இறங்கியிருப்பார்கள்.

அந்தப் போர்முனையில் வேறு யாரும் உட்காரத் துணியவில்லை.

கடிதக் கதையை அவள் சபை முழுக்கச் சொன்னாள். மணியடிக்கும் பெரியவருக்குக் காது கேட்காது. அவருக்கு எழுதிக் காட்டினாள்.

கர்த்தருடைய ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வந்தால் அவளுக்கு இருமல் வரும். அந்த வரி முடிந்ததும் நின்றுவிடும். மூன்று போதகர்கள் மாறினார்கள். மூன்று பேரும் அவளுக்குத் தேன் பாட்டில் கொடுத்துப் பார்த்தார்கள்.

போன மாதம் சமாதானம் வந்த நேரத்தில் பாட்டுப் புத்தகம் கைநழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் தெரியாமல் திரும்பிவிட்டாள்.

ஞானசுந்தரி இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றிருந்தாள்.

அன்றைக்கு நீட்டிய கைகள் மாதிரித் தெரியவில்லை. அங்கேயே முளைத்த கைகள் மாதிரி இருந்தன.

கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டன.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டு வருடப் பழக்கம்.

அன்றிலிருந்து சோற்றுப்பானையைத் திறந்தால் அந்தக் கைகள். துணி காயப்போட்டால் கொடியில் அந்தக் கைகள்.

இன்று காலை வீட்டு ஜெபத்தில் இருமல் வரவில்லை. கணவர் பதறிப்போய், ஜெபத்தின் நடுவிலேயே கண்ணைத் திறந்து பார்த்தார்.

ஏழாவது பெஞ்சு.

எட்டாவது.

வந்துவிட்டது. உள்ளங்கையில் எட்டு பெஞ்சுப் பெண்களின் சூடு இருந்தது.

அவள் திரும்பினாள்.

பாடகர் குழு பாதிப் பாட்டில் நின்றது. கீபோர்டு மட்டும் ஒரே கட்டையில் முனகிக்கொண்டிருந்தது.

கைகள் இல்லை.

ஞானசுந்தரி உட்கார்ந்திருந்தாள். தரையைப் பார்த்தபடி. கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு.

போன மாதத்தோடு நம்பிக்கை போய்விட்டது போலிருக்கிறது.

அவள் கூப்பிய கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும். அந்தப் பக்கம் ஒருத்தி எட்டு வருடம் நின்றிருக்கிறாள்.

ஞானசுந்தரி தலையைத் தூக்கவில்லை.

"அந்த லெட்டர எழுதினது நான்தான்க்கா."

"தெரியும்ட்டி. கைய நீட்டு."

முந்தானை அசைந்தது. முதலில் ஒரு கை வந்தது. வெகுநேரம் கழித்து மற்றது.

இரண்டும் சில்லென்றிருந்தன. அவள் கைகளைப் பொதிந்துகொண்டன.

சமாதானம் கடைசி பெஞ்சுக்கு வந்துவிட்டது. ஞானசுந்தரிக்கு அப்பால் கொடுக்க ஆளில்லை. வெறும் சுவர்.

வாங்கியதை என்ன செய்வதென்று தெரியாமல் ஞானசுந்தரி கைகளை அப்படியே வைத்திருந்தாள்.

அவள் தன் வேதாகமத்தையும் பையையும் எடுத்தாள். பெஞ்சை விட்டு வெளியே வந்தாள். கடைசி பெஞ்சுக்குள் நுழைந்து, ஞானசுந்தரியின் முழங்கால்களைத் தாண்டி, சுவரோரமாகப் போய், அவற்றைப் பெஞ்சில் வைத்துவிட்டு நின்றாள்.

கதையைச் சொன்ன வீடுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. மணியடிக்கும் பெரியவருக்கு எழுதிக் காட்டிய காகிதம் வந்தது.

சமாதானத்தை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினாள்.