அதிக வீடுகள் தொட்ட முகம்

உளவுத் தொடர்களில் இப்போதெல்லாம் நடிகர்கள் கிடையாது. பார்ப்பவர்களின் அபார்ட்மென்ட்டில் குடியிருப்பவர்களின் முகங்களே வரும். குண்டு வெடிப்பதற்கு முன் படம் நின்றுவிடும். தீவிரவாதி யார் என்று வீட்டுக்கு ஒரு முகத்தைத் தொட வேண்டும். அதிக வீடுகள் யாரைத் தொடுகின்றனவோ அவர்தான் தீவிரவாதி. கதையும் அப்படியே முடியும்.

பாஸ்கரனும் அவன் மனைவி கோமளாவும் யோசிக்கவேயில்லை. மூன்றாவது மாடி பல் டாக்டர் ஜக்கரியாவைத் தொட்டார்கள். லீவு நாளிலும் க்ளினிக்கைத் திறந்து கோமளாவின் கடவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டவர் அவர். அவள் கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

மறுநாள் காலை இரண்டு போலீஸ்காரர்கள் மூன்றாவது மாடிக்குப் போய்விட்டு இறங்கினார்கள். "சும்மா ஒரு விசாரணை. தொடர்ல யாரை எல்லாரும் சொல்றாங்களோ, அவங்களைப் பார்த்துட்டு வரணும்னு மேலிடத்து உத்தரவு" என்று வாட்ச்மேனிடம் சொன்னார்களாம்.

சாயங்காலம் பாஸ்கரன் ஏறிய லிஃப்டில் ஜக்கரியா நின்றிருந்தார்.

"மேடத்துக்கு வீக்கம் வடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

பாஸ்கரனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "டாக்டர், நாங்க உங்களை..."

"விடுங்க சார். போலீஸ்காரங்க லிஸ்ட்டைக் காட்டினாங்க. இந்த பிளாக்ல ஒரு வீடு பாக்கியில்லாம என்னைத்தான் தொட்டிருக்கு."

"உங்க வீடுமா?"

ஜக்கரியா தலையைக் குனிந்துகொண்டார்.

"சின்ன வயசுலேருந்து நானும் இந்த மாதிரி உளவுப் படங்களைத்தானே சார் பார்க்கிறேன். என் முகம் வந்ததும், எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."