மச்சாளின் கண்

"முன்னங்கால் சரியில்லை மச்சாள். காலமையிலையிருந்து குதிரை நொண்டுது," என்றாள் வசந்தமலர் கைபேசியில். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஐயோ! நொண்டுற குதிரையிலையோ பிள்ளை ஏறப்போறாள்?" வடலண்டன் வால்தம்ஸ்டோவிலிருந்து பதறினாள் நாகேஸ்வரி. வசந்தமலருடைய கணவனின் அக்கா.

"என்ன செய்யிறது? போட்டியின்ரை கடைசி நாள். ஏறித்தான் தீருவன் எண்டு நிக்கிறாள்."

"அந்த இடத்துக்கு என்ன பேர் மச்சாள்?"

வந்து நிற்கப்போகிறாளோ? லண்டனின் இந்தத் தெற்கு ஓரத்துக்கு அவள் வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வசந்தமலர் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கௌபாய் தொப்பியோடு சேணத்தை இறுக்கிக்கொண்டிருந்த மகள் மிதுஷா திரும்பி முறைத்தாள். "அம்மா, ரஸ்டி எங்கை நொண்டுது? ஏன் மாமிக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"மெல்லக் கதை! நீ முதலாவதா நிக்கிறது அவவுக்குத் தெரிஞ்சால் துலைஞ்சுது. போன மாசம் எங்கடை கறிவேப்பிலைக் கண்டைப் பாத்து 'நல்லாய் வந்திருக்கு' எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னவ. அந்தக் கிழமையே பட்டுப்போச்சு."

ரஸ்டிக்கு ஒரு குறையும் இல்லை. பாய்ந்து வந்து சறுக்கி நிற்பதென்ன, நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுழல்வதென்ன! போட்டியின் முதல் இரண்டு நாளும் மிதுஷாவை முந்த ஆளில்லை. ஜெர்மனியில் சின்னப்பிள்ளையாய் இருந்தபோதே பழகிய கௌபாய் பாணி வெஸ்டர்ன் சவாரி, லண்டன் நோர்பரிக்குக் குடிவந்த பிறகும் அவளை விடவில்லை.

ஆனால் ரஸ்டி அவளுடையதல்ல. இந்தக் கிண்ணத்தை வென்றால் தொடர்ந்து அதிலேயே ஓடலாம், இல்லாவிட்டால் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். அதனால்தான் வசந்தமலர் யார் கேட்டாலும் மகள் விழுந்துவிட்டாள், காய்ச்சல் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இன்றைக்குப் பழி குதிரையின் காலில் விழுந்தது.

ஒலிபெருக்கி ஒவ்வொரு இலக்கமாகக் கூப்பிட்டது. வசந்தமலர் வேலியோரம் போனாள், வந்தாள், மறுபடி போனாள். வாங்கிய தேநீர் கையிலேயே ஆறிப்போனது. கனக துர்க்கை அம்மனைக் கூப்பிட்ட கையோடு வானத்தையும் பார்த்தாள், மழை வந்து கெடுத்துவிடுமோ என்று.

"அம்மா, அடுத்தது நான்தான்," என்று மிதுஷா குதிரையில் ஏறினாள்.

அப்போதுதான் மஞ்சள் ஜாக்கெட் போட்ட மைதான ஊழியர் ஒருவர் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தார். மிருக வைத்தியர் சோதிக்கும்வரை இந்தக் குதிரையை உள்ளே விடவேண்டாம் என்று அலுவலகத்திலிருந்து சொல்லியிருக்கிறார்களாம். வைத்தியரோ வயிற்றுவலி வந்த இன்னொரு குதிரையோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

"ஏன்? எதுக்கு?" மிதுஷா கத்தினாள், கெஞ்சினாள். அவருக்கும் காரணம் தெரியவில்லை. ஒலிபெருக்கி அவளுடைய இலக்கத்தைத் தாண்டி அடுத்ததைக் கூப்பிட்டது. கொஞ்ச நேரத்தில் கைதட்டல் கேட்டது. கிண்ணம் வேறொரு பிள்ளையின் கைக்குப் போயிற்று. உரிமையாளர் அந்தப் பிள்ளையோடுதான் சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றார்.

மிதுஷா ரஸ்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அதைப் பார்க்கப் பார்க்க வசந்தமலருக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

"பாத்தியே! எவ்வளவு மறைச்சும் அவவின்ரை கண் பட்டிட்டுது!"

சொல்லி வாய் மூடவில்லை, நாகேஸ்வரியின் அழைப்பு வந்தது. இன்றைக்கு நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று எடுத்துக் காதில் வைத்தாள். இவள் வாய் திறக்க முந்தியே மறுமுனையில் பேச்சுத் தொடங்கிவிட்டது.

"மச்சாள், இனிப் பயப்பிடாதேங்கோ! பிள்ளை விழுந்து கிழுந்து போடும் எண்டு நானே அங்கை போன் அடிச்சு, மிதுஷாவின்ரை குதிரை நொண்டுது, உள்ளுக்கை விடாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."