சுண்டிப் பார்த்த கூடை

பறக்கும் தட்டை வீசிச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்கும் விளையாட்டைக் கண்பார்வை போனதும் அருமைநாயகம் விட்டுவிட்டார். இரண்டு வருடம் கழித்து, கொல்லைக்கு ஒரு கூடை வேண்டுமென்று மனைவி பொற்கொடியோடு கடைக்கு வந்திருந்தார். கடைக்காரர், உருட்டிப்போகச் சக்கரம், எடை, உத்தரவாதம் என்று அடுக்கிக்கொண்டே போனார். இவரோ மண்பானை வாங்குகிறவர் போல ஒவ்வொரு கூடையின் சங்கிலியையும் சுண்டிச் சுண்டிச் சத்தம் கேட்டார். ஐந்தாவது கூடையில் முகம் மலர்ந்தது.

"அது பெயின்ட் உரிஞ்சது சார்."

"இருக்கட்டும். இதுதான் வாயத் தொறந்து பேசுது."

சாயங்காலம் கொல்லையில் பொற்கொடி கூடையருகே நின்று சங்கிலியைக் குலுக்கினாள். "இங்க இருக்கு, வீசுங்க!"

சத்தத்தைக் குறிவைத்து வீசினார். சங்கிலி கலகலவென்று அதிர்ந்தது. தட்டு பட்டதா, அவள் கைதானா, தெரியவில்லை.

"விழுந்துச்சா?"

"சொல்ல மாட்டேன்" என்று சிரித்தாள். "இன்னொன்னு வீசுங்க."