ஏழு மெழுகுவத்தி

கழுத்துக்குக் கீழே அசைவில்லாத பூங்கோதையின் சக்கர நாற்காலி அவள் மூச்சில்தான் ஓடியது. வாய்க்கு நேரே நீண்டிருந்த குழாய்முனையில் ஊதினால் முன்னே போகும், உறிஞ்சினால் பின்னே வரும். தினமும் காலையில் அவளுக்கு மூச்சுப் பயிற்சி கொடுப்பதும் அதே நாற்காலிதான். அவள் உயிரைக் கொடுத்து ஊதி முடித்ததும், "போதாது" என்று இயந்திரக் குரலில் ஒரே சொல்லில் மானத்தை வாங்கிவிடும்.

ஆனாலும் ஆறு மாதமாக அவள் விடவில்லை. மகள் மகிழினியின் ஏழாவது பிறந்தநாளுக்கு மெழுகுவத்திகளை அம்மாதான் ஊதி அணைக்க வேண்டும் என்பது மகளின் கட்டளை.

அந்த நாளும் வந்தது. நாற்காலியைக் கேக்குக்கு எதிரே நிறுத்திய கணவன் சந்தானம், பரபரப்பில் அதன் ஓட்டத்தை அணைக்க மறந்துபோனான்.

"நல்லா தம் கட்டி ஊது புள்ள," என்றான்.

பூங்கோதை ஊதினாள். ஏழும் அணைந்தன. அதே வேகத்தில் நாற்காலி பாய்ந்து மேசையில் மோத, கேக் வழுக்கிவந்து அவள் மடியில் உட்கார்ந்துகொண்டது.

வந்திருந்தவர்கள் பதறி எழுந்தார்கள்.

"அம்மா, அடிபட்டுச்சா?" என்றாள் மகிழினி.

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளை முடக்கிப்போட்ட விபத்துக்குப் பிறகு உதட்டோடு நின்றுபோயிருந்த சிரிப்பு, இப்போது வீடே அதிர வெடித்தது. ஒவ்வொரு வெடிப்புக்கும் நாற்காலி ஒரு முழம் தாவி, மேசையைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போனது. சந்தானம் பின்னாலேயே ஓடினான். அவனும் சிரித்த சிரிப்பில் கைக்கு ஸ்விட்ச் அகப்படவில்லை.

இதையும் பயிற்சி என்று எடுத்துக்கொண்டதோ என்னவோ, நாற்காலி முதல்முறையாக, "போதும்" என்றது.

"போதாது," என்று சொல்லிவிட்டு, அடுத்த சிரிப்புக்கு மூச்சை இழுத்தாள் பூங்கோதை. நாற்காலி பயந்ததுபோல் பின்னே போனது.