இலைக் கோடு

கோடு அப்படியே கிடந்தது.

நேற்றுக் காலை அவன் வாரி ஒதுக்கிய அதே இடத்தில். ஒரு சாண்கூட நகரவில்லை.

இலை வாரும் றேக்கைப் பிடித்தபடி அவன் தன் புல்தரையில் நின்றான். அடுத்திருந்த அண்ணன் வீட்டில் திரைகள் மூடியிருந்தன. உள்ளே ரேடியோ பேசிக்கொண்டிருந்தது.

மேப்பிள் மரம் அண்ணனுடையது. இலைகள் இரண்டு வீட்டுக்கும் உதிர்ந்தன. நடுவில் வேலி இல்லை. கனடாவில், ஸ்காபரோவின் அந்தத் தெருவில் யாரும் வீட்டு முன்புறத்தில் வேலி போடுவதில்லை. காலையில் அவன் தன் பக்கத்து இலைகளை வாரி எல்லையில் நீளமாகக் குவிப்பான். மாலையில் அண்ணன் வந்து அந்தக் குவியலை ஓரடி இந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் போவார்.

மறுநாள் அவன் திருப்பித் தள்ளுவான்.

பேச்சு இல்லை.

ஊரில் அப்பாவின் காணியைப் பிரித்தபோது வேலிக் கதியால் தடிகள் ஒரு முழம் தள்ளி நடப்பட்டிருந்தன. யார் தள்ளியது என்ற கேள்வியில் பேச்சு நின்றது. இந்த வீடுகள் அதற்கு முன்பே வாங்கியவை. அடுத்தடுத்து இருக்க வேண்டுமென்று தேடி வாங்கியவை.

அண்ணி இறந்த பிறகு அங்கே அண்ணன் மட்டும்தான். எப்படி இருக்கிறார் என்று அவன் யாரையும் கேட்டதில்லை. ஒவ்வொரு காலையும் கோடு நகர்ந்திருக்கும். அது போதும்.

"உங்கட அண்ணையின்ர ரேடியோ விடிய விடியப் பாடினது." தயாமதி யன்னலுக்குள்ளிருந்து சொன்னாள். "ஒருக்கா எட்டிப் பாத்தா என்ன, குறைஞ்சு போவியளோ?"

"அவற்ற நிலத்தில நான் கால் வைக்கமாட்டன்."

"வைக்காதேங்கோ. இலையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

மனைவி யன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அவன் குவியலை ஓரடி அந்தப் பக்கம் தள்ளினான். திரையைப் பார்த்தான்.

இன்னும் ஓரடி.

அண்ணன் பொறுக்கமாட்டார். கதவைத் திறந்துகொண்டு வருவார். வாய்க்கு வந்தபடி ஏசுவார்.

ஏசட்டும்.

ஓரடி. மறுபடியும் ஓரடி. நனைந்த இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாரமாக நகர்ந்தன. கால்கள் எப்போது எல்லையைக் கடந்தன என்று அவன் கவனிக்கவில்லை.

மரத்தடியில் றேக்கின் பற்கள் எதிலோ கொளுவின.

இலைகளை விலக்கினான்.

இன்னொரு றேக்.

குப்புறக் கிடந்தது. இரவில் விழுந்த இலைகள் அதை மூடியிருந்தன.

அண்ணன் எதையும் போட்ட இடத்தில் விட்டுவிட்டுப் போகிறவர் அல்ல. மண்வெட்டியைக்கூடக் கழுவித் துடைத்துச் சுவரில் சாத்துகிறவர்.

அவன் அதை எடுக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு தள்ளினான். வேகமாகத் தள்ளினான். குவியல் வளர்ந்தது. படிவரை வந்தது. படியேறிக் கதவில் முட்டி நின்றது.

உள்ளே ரேடியோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து வாசித்தது.

"அண்ணை."

எத்தனையோ வருடங்களாகச் சொல்லாத சொல்.

"அண்ணை, உங்கட இலையை வந்து எடுங்கோ."

வாழ்த்து முடிந்தது. பாட்டுத் தொடங்கியது.

கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. இலைகள் அதன் முன்னால் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. வயதானவர் ஒருவர் உள்ளிருந்து தள்ளினால் திறக்காது.

றேக்கை எறிந்துவிட்டு முழங்காலில் இருந்தான். இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளிப் பின்னால் வீசினான். விரல்கள் குளிரில் மரத்தன. கதவிடுக்கில் செருகியிருந்த ஓர் இலையை நகத்தால் இழுத்தெடுத்தான்.

படி சுத்தமாகிவிட்டது.

திரும்பிப் பார்த்தான். தயாமதி மறுபடியும் யன்னலில் நின்றாள்.

எடுப்பதற்கு வேறு இலை இருக்கிறதா என்று தேடினான்.

இல்லை.

கதவின் கைப்பிடி மட்டும் இருந்தது.