பத்தொன்பதாம் அத்தியாயம்

வீடியோ கேம் உலகத்தில் நடக்கிற வேடிக்கை நாவல் ஒன்றை இவாஞ்சலின் எழுதினாள். அதில் ஒரு மந்திரவாதி ஒவ்வொரு லெவலிலும் செத்துச் செத்துப் பிழைப்பான். எல்லாக் காயமும் ஆறிவிடும். நொண்டல் மட்டும் போகாது. அந்த நடையை அவள் தன் தாய்மாமன் இஞ்ஞாசிமுத்துவிடமிருந்து எடுத்திருந்தாள். அனுமந்தன்பட்டியே அடையாளம் கண்டுகொண்டு சிரித்தது.

இரண்டு மாதம் அவர் கண்ணில் படாமலே திரிந்தாள். அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டதால் திராட்சைத் தோட்டத்துக்குப் போனாள். பந்தலுக்கடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வா ஆத்தா. முழுசாப் படிச்சுட்டேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். அந்தப் பத்தொன்பதாவதுலதான் அழுதுட்டேன்."

அவள் எழுதியது பதினெட்டு அத்தியாயம்தான்.

எதிரே உட்கார்ந்து, புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துப் புரட்டினாள். பதினெட்டுக்குப் பின்னால் பத்தொன்பது இருந்தது. அதே தாள், அதே அச்சு. வாக்கியங்களும் அவள் எழுதுகிற மாதிரியே இருந்தன. கதையை எழுதியவள் மந்திரவாதியைத் தேடி வருகிறாள். எதிரே உட்கார்ந்து, 'மாமா' என்கிறாள். அந்தச் சொல்லோடு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் வெள்ளையாக இருந்தது.

"அப்புறம் அவ என்ன சொன்னா ஆத்தா? அங்கன ஒண்ணுமே இல்லயே" என்றார். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

இவாஞ்சலினுக்குக் காது வரை சுட்டது. தலையை நிமிர்த்தாமலே, "மாமா" என்றாள்.

மடியில் விரிந்திருந்த வெள்ளைப் பக்கத்தின் உச்சியில் இப்போது ஒரு வரி இருந்தது.

'அவர் காத்திருந்தார்.'