கப்பித்தானின் அறை

“எழும்பும், பெரியவர். ஐயாவுக்கு இந்த அறை வேணும்,” என்றான் விடுதிக்கார வைத்திலிங்கம்.

கொழும்பிலிருந்து கோட்டில் வழக்குப் பேச வந்த அப்புக்காத்து வாசலில் நின்றார். வைத்திலிங்கம் அவரிடம் இளித்தான்: “டச்சு ஆட்சியிலை ஒரு ஒல்லாந்தக் கப்பித்தான் கட்டின வீடு, ஐயா. அவர் படுத்த அறை இது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பச்சைப் பொய்! என்னைப் பெத்த அப்பு பொயிலை வித்துக் கட்டின வீடு. ஒரு ஒல்லாந்தனும் இங்கை படுக்கேல்லை. நான் எழும்பமாட்டன்!”

அப்புக்காத்து தொப்பியை எடுத்தார். “ஒல்லாந்தர் வீடெண்டுதான் வந்தனான். பொய்யெண்டால் போறன்.”

வைத்திலிங்கம் என் காதருகே குனிந்து பல்லைக் கடித்தான்.

“ஒல்லாந்தர் வீடெண்டு சொல்லித்தானே இதைச் சீதனமாத் தந்து வயலைக் குறைச்சனீங்கள், மாமா? பொய்யெண்டால் உங்கடை மோளின்ரை பேரிலை வயலையும் எழுதித் தாங்கோ.”

நான் எழுந்து பாயைச் சுருட்டினேன்.

“போகாதையும், அப்புக்காத்து. கப்பித்தான்ரை அறைதான்.”